மலைக்கோட்டை லெவன்

தோற்றுக்கொண்டே இருக்கும் பையன்களை வைத்து எடுத்த படம் தமிழில் லேசில் தோற்பதில்லை. 2007-ல் 'சென்னை 600028', 2009-ல் 'வெண்ணிலா கபடிகுழு'. இரண்டிலும் பெரிய ஹீரோ யாரும் கிடையாது. இருந்தும் இன்றைக்கு டிவியில் ஓடினால் ரிமோட்டுக்குக் கை போகாது. எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான். முதல் ஒரு மணி நேரம் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிடுகிறோம். அந்தக் கடனை அடைக்க, கடைசி அரை மணி நேரம் அவர்கள் ஜெயிக்க வேண்டுமே என்று நகம் கடிக்கிறோம்.

இது கோடம்பாக்கம் கண்டுபிடித்த ஃபார்முலா என்று யாராவது சொன்னால் திருச்சிக்காரர்கள் விடக்கூடாது. 1751-லேயே எங்கள் ஊரில் ஷூட்டிங் ஆரம்பித்துவிட்டது.

வில்லன் சந்தா சாகிப். ஃபிளாஷ்பேக் உள்ள வில்லன். துணியில் சுற்றிய செங்கல்லைக் குர்ஆன் என்று காட்டிச் சத்தியம் செய்து, ராணி மீனாட்சியிடமிருந்து திருச்சிக் கோட்டையைப் பறித்தார் என்று கதை. அவருக்கு ஸ்பான்சர், புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே. எதிரே, நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலி. 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு ஓடிவந்து திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டவர். இவருக்கு வாய்த்த டீம்தான் கிழக்கிந்தியக் கம்பெனி.

ஆமாம், 'லகான்' படத்தில் அத்தனை திமிரோடு பேட் பிடித்தார்களே, அவர்களுக்கு முன்னோடிகள். அன்றைக்கு அவர்கள் நிலைமை படு கேவலம். ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் எதிரியைப் பார்த்ததும் கேப்டன் ஜின்ஜன்ஸும் அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் டீம் ஓட ஆரம்பித்துவிட்டது. முகமது அலியின் சகோதரர் குதிரையில் வந்து, வெட்கமாக இல்லையா என்கிற ரீதியில் திட்டிப் பார்த்தார். பிரயோஜனமில்லை. ஊட்டத்தூர், கொள்ளிடம், காவிரி என்று எல்லாவற்றையும் தாண்டி, திருச்சி மதில் சுவரில் வந்து முட்டித்தான் அந்த ஓட்டம் நின்றது.

கூட ஓடியவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். வயது 25. சென்னையில் கணக்கெழுத வந்த குமாஸ்தா, அப்போது படைக்கு உணவுச் சாமான் சேகரிக்கும் பொறுப்பில் இருந்தார். இங்கே ஆடினால் தோல்விதான், வில்லனின் சொந்த கிரவுண்டான ஆற்காட்டில் போய் ஆடலாம் என்பது அவர் சொன்ன யோசனை. தேர்வான டீமைப் பாருங்கள்: வெள்ளைக்காரர்கள் 200, சிப்பாய்கள் 300, அதிகாரிகள் 8. இந்த எட்டில் 6 பேர் சண்டையையே பார்க்காதவர்கள். அந்த ஆறில் 4 பேர் கம்பெனி குமாஸ்தாக்கள். இடி மழையில் தொப்பலாக நனைந்து இவர்கள் நடந்து வருவதைக் கேள்விப்பட்ட ஆற்காட்டுக் காவல்படை, இடிக்கே பயப்படாதவர்கள் எதற்கும் துணிந்தவர்கள் என்று கோட்டையை விட்டுவிட்டுக் கிளம்பியது. முதல் மேட்ச் வாக்கோவர்.

அதற்குப் பிறகு சந்தா சாகிப் தரப்பு 50 நாள் முற்றுகை போட்டது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சோறு வெள்ளைக்காரர்களுக்கு, வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக மெக்காலே உருகி உருகி எழுதியிருக்கிறார். சிப்பாய்கள் தரப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை. வாடகைக்கு வந்த மராட்டியர் முராரி ராவ், ஆறாயிரம் குதிரைகளோடு பவுண்டரிக்கு வெளியே நின்று ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரனும் அடிப்பான் என்று தெரிந்ததும் உள்ளே இறங்கினார்.

இன்டர்வெலுக்குப் பிறகு, 1752 மார்ச்சில், இங்கிலாந்திலிருந்து கோச் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் திரும்பி வந்தார். அவரும் கிளைவும் திருச்சியை நெருங்கியதும் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா பதறிப்போய் ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ரங்கநாதர் கோயிலும் திருவானைக்காவலும் படை முகாம் ஆயின. உள்ளே பள்ளிகொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

காமெடி டிராக் சமயபுரத்தில். ஓர் இரவு, கம்பெனியிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்த இங்கிலீஷ்காரர்களை முன்னால் விட்டு, லாரன்ஸ் அனுப்பிய ஆட்கள் என்று காவலாளியை ஏமாற்றி, பிரெஞ்சுப் படை கிளைவின் முகாமுக்குள்ளேயே வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எழுந்த கிளைவ், சுட்டுக்கொண்டிருந்தவர்கள் தன் சிப்பாய்கள்தான் என்று நினைத்து, எதிரிகள் நடுவில் புகுந்து 'எதற்குடா வீணாகச் சுடுகிறீர்கள்' என்று அதட்டி அடித்தார். அவர்களில் ஒருவன் கத்தியை உருவிய பிறகுதான் ஆள் மாறிப்போனது புரிந்தது. வடிவேலு இருந்திருந்தால் கால்ஷீட் கேட்டிருப்பார்.

ஜூனில் லா சரணடைந்தார். செங்கல்லில் சத்தியம் செய்தவர், தஞ்சைத் தளபதி மானோஜியின் சத்தியத்தை நம்பிப் போனார். தலை போயிற்று.

படம் இங்கே முடிந்திருக்க வேண்டும். தோற்ற பையன்கள் ஜெயித்தார்கள், வணக்கம் போட்டு அனுப்பியிருக்கலாம். கதையை விரிவாக எழுதிய ராபர்ட் ஆர்ம் கிளைவின் சினேகிதர் ஆயிற்றே, அவரும் ஏழை டீம் என்றே எழுதினார். ஆனால் கப் வாங்கியவர்கள் கிரவுண்டை விட்டுக் கிளம்பவில்லை. தயாரிப்பாளர் முகமது அலி காலம் முழுக்கக் கம்பெனிக்காரர்களிடம் கடன்பட்டே காலந்தள்ளினார். அவர் மகனும் போனபின் 1801-ல் கர்நாடக ராஜ்யத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டது.

இரண்டாம் பாகமும் வந்தது. ஜெயித்தால் திருச்சி உனக்கு என்று மைசூர் நஞ்சராஜனுக்கு முகமது அலி ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்ததும் கையை விரித்தார். நஞ்சராஜன் பிரெஞ்சு டீமுக்கு மாறி மறுபடி ஊரை வளைத்தார். ஹீரோ கிளைவுக்குத் தேதி இல்லை. 1753-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டு கப்பலேறிவிட்டார். பொன்மலைச் சண்டையை நின்று ஜெயித்தவர் ஐம்பது தாண்டிய கோச் லாரன்ஸ். அவரை வைத்து யார் படம் எடுப்பார்கள்?