மணிக்கு 31 ரூபாய்

வேலை தேடுகிறவன் நான்கு திசையிலும் தேடலாம் என்பது உள்நாட்டுக்காரர்களின் வசதி. கோடியக்கரைக்காரனுக்கு அது கிடையாது. சென்னையிலிருந்து ஒழுங்காகத் தெற்கே இறங்கிவரும் கடற்கரை, எங்கள் ஊருக்கு வந்ததும் வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டவன் மாதிரி சட்டென்று மேற்கே திரும்பிவிடும். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மேற்கே உப்பளமும் சேறும். மிச்சம் இருப்பது வடக்கே ஒரே ஒரு ரோடு. அதுவும் காட்டுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. வெளிமான் குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். மட்டக்குதிரை வந்தாலும் நிறுத்த வேண்டும். குரங்கு வந்தால் டிபன் பாக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிறுத்த வேண்டும்.

அந்த ரோட்டில் 11 கிலோமீட்டர் போய், வேதாரண்யத்தில் ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். டிவிஎஸ் எக்ஸெல்லில் அரை மணி நேரம். சம்பளம் 14,000. வேதாரண்யம் கோயிலில் அடைத்துக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது, மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரே பாட்டு போதுமானதாக இருந்தது என்பது ஐதீகம். சம்பள விஷயத்தில் எங்கள் முதலாளி அந்த மரபை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். கூட்டிக் கேட்க நான் பதிகம் பாட வேண்டும். பிடித்தம் செய்ய அவருக்கு ஒரு பாட்டு போதும்.

குறை சொல்லக் கூடாது, சுகமான வேலைதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பு விளையாது. உப்பு விளையாவிட்டால் கணக்கும் விளையாது. பேரேட்டின் மேல் தலையை வைத்தால் எழுப்ப ஆள் இல்லை. இப்படி நிம்மதியாக இருந்தவனுக்குத்தான் நாகப்பட்டினத்தில் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிடு வந்தது.

இன்டர்வியூவில் என்னிடம் டேலி தெரியுமா, ஜிஎஸ்டி தெரியுமா என்று கேட்பார்கள் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். மேனேஜர் முதலில் ஊரைக் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "பொன்னியின் செல்வன் கோடிக்கரையா? பூங்குழலி ஊரா?" கல்கி 1950-ல் அந்தத் தொடரை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் வேறு கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் இன்னும் இருக்கிறதா என்றார். மிச்சம் மீதி இருந்ததையும் 2004 சுனாமி சாய்த்துவிட்டது என்றேன். அவருக்கு மெய்யாகவே வருத்தமாகிவிட்டது. அந்த வருத்தத்தோடு வருத்தமாக 20,000 ரூபாய் என்று சொல்லிவிட்டார்.

"தினம் எப்படி வருவீங்க?" என்று கேட்டு, பதிலையும் அவரே சொன்னார். "வந்தியத்தேவன் குதிரையிலயே வந்தானே!"

நானும் சிரித்து வைத்தேன். எங்கள் காட்டில் குதிரை இருப்பது நிஜம். ஆனால் அவற்றில் ஒன்றை நான் பிடித்தால், என்னை வனத்துறை பிடிக்கும்.

கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 60 கிலோமீட்டர். கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யம், அங்கே பஸ் மாறி தோப்புத்துறை, திருப்பூண்டி, வேளாங்கண்ணி, அப்புறம் நாகை. பஸ் மாறக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. இது சாதாரண நாள் கணக்கு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதி சேதுவில் முழுக வரும் கூட்டம் எங்கள் ஊர் பஸ்ஸை முழுக்கிவிடும். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை ரோடு முழுவதும் காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள். பஸ்ஸும் அவர்களோடு சேர்ந்து பாதயாத்திரை போகும்.

ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். அம்மா சின்ன வயதில் கோடியக்கரையிலேயே ரயில் ஏறியவள். இப்போது ரயில் அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் அந்த 37 கிலோமீட்டர் பாதையையும் அகலப் பாதையாக்கி 2023 ஏப்ரலில்தான் திறந்தார்கள். ஆனால் அது மேற்கே திருத்துறைப்பூண்டிக்குப் போகிறது. அங்கிருந்து திருவாரூர், திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடலாம், ஆட்சேபணை இல்லை. ஒன்பது மணிக்குள் தொட முடியுமா என்பதுதான் கேள்வி.

தினமும் அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைத் தாண்டித்தான் போகிறேன். இந்த யோசனை வந்த பிறகு அந்தத் தூண் என்னை ஒரு மாதிரி பார்ப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து நூறு தொண்டர்களோடு கிளம்பி, ஏறக்குறைய 150 மைல் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30-ஆம் தேதி உப்பு அள்ளினார், கைதானார். 150 மைல் என்றால் 240 கிலோமீட்டர். நாகைக்குப் போய்வந்தால் ஒரு நாளைக்கு எனக்கு 120. அவர் இரண்டு வாரம் நடந்த தூரத்தை நான் இரண்டே நாளில் முடித்துவிடுவேன். ஒரே வித்தியாசம், அவர் உப்புக்காக இந்த ஊருக்கு வந்தார், நான் உப்பை விட்டு வெளியே போகிறேன். அதற்கெல்லாம் தூண் வைக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் மேல் நடவடிக்கை என்று அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். என் விஷயத்தில் சோறு போடுகிறவரே உத்தரவு போடும் இடத்தில் இருக்கிறார். அங்கே பிறகு வருகிறேன்.

முதலில் என் கணக்கு. தொழில் கணக்கெழுதுவது என்பதால் முறையாகவே போட்டேன். கூடுதல் சம்பளம் 6,000. எக்ஸெல்லுக்குப் போடும் பெட்ரோலைக் கழித்து, பஸ் காசைச் சேர்த்தால் மாதத்துக்குக் கூடுதல் செலவு 2,000. மிச்சம் 4,000. வழியில் ஒரு டீ, ஒரு வடை குடும்பஸ்தனுக்கு அவசியம். நாளுக்கு 30 ரூபாய், 26 நாளைக்கு 780. நிகர லாபம் 3,220. கூடுதலாகப் பஸ்ஸில் கழியும் நேரம் நாளுக்கு நாலு மணி, மாதத்துக்கு 104 மணி. வகுத்தால் மணிக்கு 31 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைச்சல்.

டீயையும் வடையையும் நீக்கினால் 38 ரூபாய் வரும். ஆனால் வடை இல்லாத பயணத்தை நான் ஒரு பயணமாகவே மதிப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா முறத்தில் கருவாடு ஆய்ந்துகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நூறு நாள் வேலையில எவ்வளவுடா தம்பி?" என்றார். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அதற்கான கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் 42. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பி.காம். படித்தவனைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கருவாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் படித்தவர்களைக் கலந்துகொள்வது என் வழக்கம். மைத்துனன் சென்னையில் இருக்கிறான், கூடுவாஞ்சேரியில் வீடு, சிறுசேரியில் வேலை. "ரெண்டரை மணி நேரம்லாம் ஒரு மேட்டரா அத்தான்? நாங்க பஸ்ஸிலயே தூங்கி, பஸ்ஸிலயே சாப்பிட்டு, பஸ்ஸிலயே சண்டை போட்டு சமாதானமும் ஆயிடுறோம்" என்றான். சொல்லிவிட்டு, தன்னை அறியாமல் எனக்கு எதிரான சாட்சிகளையும் வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தான். இத்தாலிய இயற்பியல் அறிஞர் செசாரே மார்ச்செத்தி 1994-ல் எழுதிய கட்டுரையின் சுருக்கம் ஒன்று. குகையில் இருந்த மனிதனானாலும் காரில் போகும் மனிதனானாலும், நாளொன்றுக்கு மொத்தம் ஒரு மணி நேரம்தான் போக்குவரத்துக்குச் செலவிட விரும்புகிறானாம். வண்டியின் வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, தூரம்தான் கூடுகிறது என்பது அவர் கட்சி. போக அரை மணி, வர அரை மணி. இத்தனை வருஷமாக மனித குலத்தின் சராசரியாகவே வாழ்ந்து வந்திருக்கிறேன். வேதாரண்யத்தில் ஒருவரும் அதை மதிக்கவில்லை.

அடுத்த சாட்சி இன்னும் மோசம். புருனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்ஸர் என்று சுவிட்சர்லாந்தில் இருந்த இரண்டு பொருளாதாரக்காரர்கள், ஜெர்மனியில் பல வருஷங்களாக எடுத்த கணக்கெடுப்பைப் புரட்டி 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூரமாக வேலைக்குப் போகிறவன் கூடுதல் சம்பளத்துக்கோ நல்ல வீட்டுக்கோ கணக்குப் பண்ணித்தான் போகிறான். ஆனால் அந்த அலைச்சலுக்கு அந்த லாபம் ஈடாவதில்லை. கிட்டத்தில் வேலை பார்க்கிறவனைவிட அவன் வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருக்கிறது. ஜெர்மனியில், அவ்வளவு நல்ல ரோட்டில் போகிறவனுக்கே இந்த நிலைமை. வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய்த் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனை அவர்கள் கணக்கில் சேர்த்திருந்தால் கட்டுரையே இன்னும் நீண்டிருக்கும்.

இவ்வளவையும் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ரொக்கப் புத்தகம் எழுதுகிறவள். அதில் பத்துப் பைசா இடித்தாலும் அன்று எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு தாமதமாகும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை என்று ஆன பிறகு, பஸ்ஸுக்குப் பணம் கொடுப்பதையே அவள் ஓர் ஊதாரித்தனமாகக் கருதி வருகிறாள். என் தாளை வாங்கி ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தாள்.

"கணக்குல ஆள் ஒண்ணு விட்டுப்போச்சுங்க" என்றாள்.

"யாரு?"

"ஒம்பது மணி ஆபீசுன்னா நீங்க ஆறேகாலுக்குக் கிளம்பணும். நான் எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்?"

நான் வழக்கம்போல முற்றத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு எழுகிறவள் நாலு மணிக்கு எழ வேண்டும். இட்லி, மதியத்துக்குச் சோறு, குழம்பு, பொரியல். நாளுக்கு இரண்டு மணி, 26 நாளைக்கு 52 மணி. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வந்து சேரும்வரை கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பதை அவள் தள்ளுபடி செய்துவிட்டாள். பெரிய மனசு. என் 104-உம் அவள் 52-உம் சேர்த்து 156. அதே 3,220 ரூபாயை வகுத்து, அடியில் இரண்டு கோடு போட்டுத் தந்தாள். மணிக்கு 20 ரூபாய் 64 காசு.

"இதுல உங்க வடையை நான் எடுக்கலை" என்றும் சொன்னாள்.

பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் பேரேட்டிலேயே தோற்றால் சும்மா இருக்க முடியாது. எனக்கு உள்ளான் நினைவு வந்தது. வருஷா வருஷம் மழைக்காலத்தை ஒட்டி எங்கள் சேற்றுக்கு வந்து இறங்குகிறதே, கொசு உள்ளான். 25 கிராம் இருந்தால் அதிகம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, அத்தனை நாடு தாண்டி இங்கே மேய வருகிறது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அவற்றை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எங்கிருந்து எங்கே போகின்றன என்று கணக்கு வைத்தார்கள். அந்தப் பறவையின் சாமர்த்தியம் தூரத்தில் இல்லை. வேலை முடிந்ததும் சாயங்காலம் சைபீரியாவுக்குத் திரும்புவதில்லை, அதில்தான் இருக்கிறது. மேயும் இடத்திலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே நாகப்பட்டினத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்குவது, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் காலை போவது என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். வீடு கலங்கும், மகள் அழுவாள், அம்மா வேண்டாம்டா தம்பி என்பாள், அந்த அன்புக்குக் கட்டுப்பட்டு வேலையை மறுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. கௌரவமாகவும் இருக்கும்.

"நல்ல யோசனையா இருக்கே" என்றாள் மனைவி. "வாராவாரம் வரணும்னுகூட இல்லைங்க. பஸ் காசு வேற."

"அப்பா, அப்ப உங்க மேஜையை நான் எடுத்துக்கலாமா?" என்றாள் மகள்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. என் சாய்வு நாற்காலி இருக்கும் மூலையை ஒரு கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். புது நெல் மூட்டைகள் இரண்டு அதே மூலைக்குச் சரியாக இருக்கும் என்பது எனக்கும் தெரிந்தது.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே எக்ஸெல்லை உதைத்துக் கிளம்பிவிட்டேன். மான் குறுக்கே வரவில்லை, குரங்கும் வரவில்லை. காட்டுக்கே விஷயம் தெரிந்திருக்கும் போல. கடைக்குள் நுழைந்தபோது முதலாளி சாமி படத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினம் போய் வந்ததை நான் வேதாரண்யத்தில் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. அவர் தட்டை இறக்காமலே கேட்டார்.

"என்னய்யா, நாகப்பட்டினம் பஸ் இந்தப் பக்கமாவா போவுது?"

என் மதிப்பை அவர் உணர்ந்திருக்கிறார். பதிகம் பாட இதைவிடத் தோதான வேளை அமையாது. சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "முதலாளி, வெலவாசி இருக்கிற இருப்புல..." என்று முதல் அடியை எடுத்தேன்.

"நாகையிலேர்ந்து மழை ஏறிக்கிட்டு வருதாம்" என்றார் அவர். "போயி அம்பாரத்துக்குக் கீத்துப் போடச் சொல்லு."