இயந்திரத்திடம் சத்தியம் வாங்குபவர்

அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி என்ற கேள்விக்கு நடுத்தர நிறுவனங்களின் நிர்வாகப் பிரிவு மேலாளர் கண்டுபிடித்து வைத்திருக்கும் விடை மிக எளிமையானது: எதைக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் அதனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊழியர்களின் சம்பளப் பட்டியலையோ, மறுநாள் திறக்கப்படவிருக்கும் ஒப்பந்தப்புள்ளியின் விலைக் கணக்கையோ சாட்ஜிபிடியின் உரையாடல் பெட்டியில் முழுவதுமாக ஒட்டுவதற்கு முன்னால், "இது மிகவும் ரகசியம், தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று இவர் ஒரு வரி தட்டச்சு செய்கிறார்; "நிச்சயமாக, உங்கள் தகவலின் ரகசியத்தன்மையை மதிக்கிறேன்" என்ற பாணியில் ஒரு பதில் வருகிறது; அதன்பின் இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சம்பளப் பட்டியலை ஒட்டுகிறார்.

சத்தியங்களில் தரவரிசை உண்டு. சாதாரணக் கடிதமென்றால் "கைண்ட்லி கீப் கான்ஃபிடென்ஷியல்" போதும். சம்பளம், பதவி உயர்வு போன்றவற்றுக்கு அதன் முன்னால் "ஸ்ட்ரிக்ட்லி" சேர்கிறது. முதலாளி குடும்பத்தின் பாகப்பிரிவினை வரைவைத் திருத்தும் நிலை வரும்போது மட்டும் இவர் தமிழுக்கு மாறுகிறார், ஏனெனில் ஆங்கிலத்தில் சொன்னால் அது சட்டத்துக்குக் கட்டுப்படும், தமிழில் சொன்னால் மனசாட்சிக்குக் கட்டுப்படும் என்பது இவருடைய உறுதியான கருத்து. உரையாடல் அரைமணி நேரத்துக்கு மேல் நீண்டால், முதலில் வாங்கிய சத்தியம் காலாவதியாகியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையுணர்வில் இன்னொரு முறை வாங்குகிறார். வேலை முடிந்ததும் "எல்லாத்தையும் மறந்துட்டியா?" என்று கேட்டு, மறந்துவிட்டதாக அது ஒப்புக்கொண்ட பிறகே உலாவியை மூடுகிறார். இந்த ஒப்புதல்கள் அனைத்தும் திரைப்பிடிப்பாக எடுக்கப்பட்டு, வண்ணத்தில் அச்சிடப்பட்டு, தேதி எழுதி ஒப்பமிடப்பட்டு, ஒரு கோப்பில் கோக்கப்பட்டு, இரும்பு பீரோவில் பூட்டி வைக்கப்படுகின்றன. நிறுவனத்தின் விலைக் கணக்கு கடல் கடந்து போய்விட்டதே என்று யாராவது கவலைப்பட்டால், பீரோவின் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்பதை இவர் இடுப்பைத் தட்டிக் காட்டுகிறார்.

உரையாடல் பெட்டியில் ஒட்டப்படும் எழுத்து, அந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்கு, அதாவது எங்கோ தொலைவில் இயங்கும் பெருங்கணினிக்கு, இணையம் வழியே போய்ச் சேர்ந்த பிறகே பதில் உருவாகிறது. ஆகவே சத்தியம் கேட்கும் வரியும் சத்தியத்துக்குரிய ரகசியமும் ஒரே வழியில் பயணம் செய்து ஒரே இடத்தில் சேமிக்கப்படுகின்றன. இலவசக் கணக்கில் எழுதப்படுபவை, பதில் எழுதும் மென்பொருளான மொழி மாதிரியை மேலும் பயிற்றுவிப்பதற்குப் பயன்படலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது அமைப்புகள் பகுதியில் உள்ள ஒரு பொத்தான். 2023 ஏப்ரல் முதல் பயனர்களே மாற்றிக்கொள்ளும்படி அந்த வசதி இருக்கிறது, ஆனால் எதையாவது அமுக்கி ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று இவர் அந்தப் பக்கமே போனதில்லை. "நிச்சயமாக" என்று வரும் பதிலோ, அப்படிப்பட்ட வேண்டுகோளை அடுத்து எந்தச் சொற்கள் வரத்தக்கவை என்று ஒவ்வொன்றாகக் கணித்து எழுதும் மொழி மாதிரியின் வழக்கமான வேலையே தவிர, சேமிப்பகத்தில் எது இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும் என்பதோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இவரை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. உண்மையில் இந்தத் துறையின் விபத்துகளை அலுவலகத்தில் மிக நன்றாக அறிந்தவர் இவரே. 2023இல் சாம்சங் நிறுவனத்தின் அரைக்கடத்திப் பிரிவுப் பொறியாளர்கள் மூல நிரலையும், ஒரு கூட்டத்தின் பதிவையும் சாட்ஜிபிடியில் இட்டதையும், அதைத் தொடர்ந்து அந்நிறுவனம் தன் கணினிகளில் இத்தகைய கருவிகளுக்கு அவ்வாண்டு மே மாதம் தடை விதித்ததையும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்கிறார். ஆனால் அதிலிருந்து இவர் அடையும் முடிவு, அந்தப் பொறியாளர்கள் ரகசியம் என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பது. அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்குமாறு மத்திய நிதியமைச்சகம் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியபோது, அதே பொருளில் தம் நிறுவனத்துக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டுமென்று உடனடியாக வரைந்தவரும் இவரே. எந்தெந்தப் பிரிவில் எந்தெந்தக் கோப்புகள் வெளியே போகவே கூடாது என்ற முழுப் பட்டியலையும் இணைத்து, அதை ஐந்து அம்சங்களாகச் சுருக்கித் தரும்படி, உரிய சத்தியம் பெற்று, அந்த இயந்திரத்திடமே கொடுத்தார். சுருக்கம் நன்றாகவே வந்தது.

சத்தியத்தின் மீது நம்பிக்கை வைப்பது இந்நாட்டு மேலாளருக்கு மட்டும் உரிய குணமன்று. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர், இந்த வழக்கு உண்மையானதுதானா என்று அதே இயந்திரத்திடம் கேட்டு, ஆமென்ற பதிலைப் பெற்று, அந்தத் திரைப்பிடிப்பையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்தார். இச்செய்தியைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மேலாளருக்கு அந்த வழக்கறிஞர் மீது ஒரு தனி மரியாதை. அவர் ஆதாரத்தை வண்ணத்தில் அச்சிட்டிருப்பாரா என்பது மட்டுமே இவருடைய ஐயம்.

சத்தியம் வாங்குவதில் இருக்கும் உண்மையான வேடிக்கை வேறொன்று. மொழி மாதிரிக்குத் தன்னிடம் வந்து சேரும் எழுத்துகளில் எது எசமானின் கட்டளை, எது படிக்கக் கொடுத்த தாள் என்று திடமாகப் பிரித்தறியும் திறன் இல்லை. படிக்கக் கொடுத்த தாளுக்குள்ளேயே யாரேனும் ஒரு கட்டளையை ஒளித்து வைத்தால் அது அதற்கும் கீழ்ப்படியக்கூடும். கணினிப் பாதுகாப்புத் துறையினர் 'பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று அழைக்கும் இந்த உத்தி 2022 முதல் பேசப்படுகிறது. 2025இல் சில ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளில், இயந்திரம் மதிப்பிட்டால் நல்லபடியாக மட்டுமே மதிப்பிட வேண்டும் என்ற வரி வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வேலைக்கு வரும் விண்ணப்பங்களை மொத்தமாக ஒட்டித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மேலாளருக்கும், விண்ணப்பத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் தன்னையே பரிந்துரைக்கச் சொல்லியிருக்கும் சாமர்த்தியசாலிக்கும் அந்த இயந்திரம் ஒரே மாதிரியான பணிவைக் காட்டக்கூடும் என்பதை யாரும் இவரிடம் சொன்னதில்லை. சொன்னாலும், விண்ணப்பதாரரின் சத்தியத்துக்கு முன்பே தம்முடையது வாங்கப்பட்டுவிட்டது என்பார்.

இவருடைய மற்றப் பழக்கங்கள், அதாவது ஆயுதபூஜையன்று மடிக்கணினியின் கேமராவின் மேலேயே சந்தனப் பொட்டு வைப்பது, கடவுச்சொல்லை நாட்காட்டியின் பின்புறம் எழுதுவது முதலியவை, ஏற்கெனவே உலகறிந்தவை.

எனினும் இவரை முழுவதும் கேலி செய்துவிட்டுப் போக மனம் வருவதில்லை. முப்பதாண்டுக் காலம் ஒவ்வொரு ஆங்கிலக் கடிதத்தையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் மூன்று முறை எழுதிக் கிழித்து, அப்படியும் ஒரு முன்னிடைச்சொல் தவறியதற்காகத் தம்மில் பாதி வயதினரின் சிரிப்பைத் தாங்கியவர் இவர். தவறைத் திருத்திவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் சொல்லாமலும் சிரிக்காமலும் இருந்த முதல் துணை இந்தப் பெட்டிதான். தம்முடைய ஆங்கிலத்தைப் பற்றி வெளியே சொல்லாத ஒன்று, சம்பளப் பட்டியலைப் பற்றி மட்டும் ஏன் சொல்லப் போகிறது என்று இவர் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது இவருடைய ஆங்கிலமன்று. தையல் பிரிவிலும் பொட்டலப் பிரிவிலும் வேலை செய்பவர்களின் வங்கிக் கணக்கு எண்கள், முன்பணக் கடன்கள், மருத்துவ விடுப்புக்கான காரணங்கள் ஆகியவை அதில் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசியாமல் காக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது என்பதை இவர் கூட்டங்களில் பெரிய எழுத்தில் திரையிடுகிறார். கசிந்தால் குறிப்பாணை போகப் போவதோ கணினிப் பிரிவில் இரண்டாண்டு முன் சேர்ந்த பெண்ணுக்கு. வாடிக்கையாளரின் எழுத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு நிறுவனங்களுக்கென்று தனியாக விற்கப்படும் உரிமத்தை வாங்க வேண்டுமென்று, இதுவரை என்னென்ன கோப்புகள் எந்தெந்தக் கணக்கிலிருந்து வெளியே போயின என்ற விவரத்துடன் நான்கு பக்கக் குறிப்பொன்றை எழுதி வைத்தவர் அந்தப் பெண். மேலாளர் அக்குறிப்பை "ஸ்ட்ரிக்ட்லி" சேர்த்துச் சத்தியம் வாங்கி இயந்திரத்திடம் சுருக்கத்துக்குக் கொடுத்தார். வந்த சுருக்கத்தின் ஓரத்தில், செலவினம் கருதி அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம் என்று பச்சை மையில் எழுதினார்.