மூன்று நிமிடத் திணை: சித்தப்பாவின் பிளிட்ஸ் ஆட்டம் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சதுரங்கத்தைப் பற்றி நம்மிடம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சிவபெருமானுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளாகப் பிறந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று மணம் முடித்தார் என்பது தலபுராணம். சென்னையில் மிகயில் தால் பெயரில் நடந்த கிளப்பில் பழகிய பையன்தான் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்துக் கும்பிடு போட வைத்தோம். இவை எல்லாவற்றையும் பற்றி எழுதியாகிவிட்டது. ஆனால் குரோம்பேட்டையில் ஒரு சோபாவின் இடது ஓரத்தில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனில் ஒரு நாளைக்கு இருபது ஆட்டம் ஆடும் என் சித்தப்பாவைப் பற்றி இதுவரை ஒரு வரி கூட வந்ததில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு.

முதலில் இலக்கணம். ஓர் ஆட்டக்காரருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ கொடுத்தால் அது பிளிட்ஸ் என்கிறது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு. சித்தப்பா ஆடுவது மூன்று நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டொரு நொடி கூட்டித் தரும் ஏற்பாடும் உண்டு. பாபி ஃபிஷர் 1988-இல் விண்ணப்பித்து மறு ஆண்டே காப்புரிமை வாங்கிய கடிகாரத்தின் யோசனை அது. அதைச் சித்தப்பா தொடுவதில்லை. "மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம். மேல போட்டுக் குடுக்க இதென்ன கறிவேப்பிலைக் கொசுறா?" என்பது அவர் கட்சி.

இவ்வாட்டத்தை ஐந்திணையில் எதிலும் அடக்க முடியவில்லை. ஆகவே ஆறாவதாக ஒன்றை வகுக்க வேண்டியதாயிற்று. முதற்பொருளில் நிலம், சோபாவும் சோபா சார்ந்த இடமும், சிறுபான்மை குளியலறை. (குழாய் திறந்த சத்தம் கேட்கும், தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஒரே சீராக இருக்கும். அதுவே அடையாளம்.) பெரும்பொழுது ஆறும் உரியன. சிறுபொழுது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி, சித்தி தயிர் இல்லை என்று கண்டுபிடிக்கும் வரை. கருப்பொருளில் தெய்வம் சார்ஜர், உணவு ஆறிப்போன காபி, பறை மிக்சி, பறவை ஜன்னல் புறா. உரிப்பொருள், ரீமேட்சும் ரீமேட்ச் நிமித்தமும்.

ஆய்வு முறை எளிது. இரண்டு மாதம் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து நூறு ஆட்டங்களைக் கோடு போட்ட நோட்டில் குறித்தேன். சதவீதம் கொடுத்தால்தான் ஆய்வுக்கு மரியாதை என்று தெரியும். ஆனால் கூட்டல் போட்டு வைத்திருந்த பக்கத்தில் மேற்படி உணவு கொட்டிவிட்டதால், 'பெரும்பாலும்', 'எப்போதாவது' ஆகிய இரண்டு அளவைகளைக் கொண்டே மேலே செல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கு உட்பட்டவரின் இணையப் பெயரை அறம் கருதி வெளியிடவில்லை. அதில் ஒரு காட்டு விலங்கும் அவர் பிறந்த வருடமும் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஆட்டமுறை. வெள்ளைக் காய் வந்தால் சித்தப்பாவின் ராணி இரண்டாவது நகர்த்தலிலேயே வெளியே வந்துவிடும். மூன்றாவதில் பிஷப். இருவரும் சேர்ந்து எஃப் 7 கட்டத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கட்டத்துக் காலாளுக்கு ராஜாவைத் தவிர நாதியில்லை. எதிராளி அசந்தால் நான்காவது நகர்த்தலில் மேட். இந்த வித்தை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு முறை ஏமாந்து, மறுநாள் அடுத்தவனை ஏமாற்றிய வித்தைதான். எதிராளி ஒரு காலாளைத் தள்ளி, ஒரு குதிரையைக் கொண்டுவந்தால் தீர்ந்தது. அதற்குப் பிறகு ராணி ஊர்வலம் போன தேர் போலத் திரும்பி வர வழி தேடும்; எதிராளி ஒவ்வொரு காயாக வெளியே கொண்டுவந்து அதை விரட்டிக்கொண்டே தன் படையை அடுக்கிவிடுவான். எங்கள் தாத்தா இந்தக் காயை ராணி என்று சொன்னதில்லை, மந்திரி என்பார். பழைய ஆட்டத்தில் அது மந்திரிதான். குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் அதற்கு இன்றைய பலம் வந்தது. அத்தனை நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த பலத்தைச் சித்தப்பா முதல் பத்து நொடியில் செலவழித்துவிடுகிறார்.

தெரியாமல் செய்கிறாரா என்றால் இல்லை. "இது வேலைக்கு ஆகாதுன்னு தெரியும்டா. ஆனா பத்துப் பேர்ல ஒருத்தன் விழுவான் பாரு, அவனுக்காகத்தான்" என்றார். இதை நான் ஒரு தத்துவமாகவே நோட்டில் பதிந்தேன்.

இங்கே ஒரு முரண். வெளியுலகில் சித்தப்பாவைப் போல நிதானமான ஆள் கிடையாது. கத்தரிக்காய் வாங்கப் போனால் ஒவ்வொரு காயையும் காம்பைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, ஓட்டை தேடுவார். அரைக் கிலோவுக்கு இருபது நிமிடம். கடைக்காரம்மா அவரைக் கண்டாலே தட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். ஒரு கூட்டுறவு வங்கியின் கேஷ் கவுன்டரில் முப்பத்து நான்கு வருடம். நோட்டுக் கட்டை ஒரு முறை எண்ணி, ரப்பர் போட்டு, ரப்பரைக் கழற்றி, மறுபடி எண்ணுவார். நூறு ரூபாய் குறைந்தால் கையிலிருந்து போட வேண்டும். அப்படிப் போட்ட நாட்கள் மூன்றே மூன்று என்று இன்றும் தேதி சொல்வார். அந்த மனிதர்தான் ஒரு முழுக் குதிரையை, எதற்கென்றே தெரியாமல், அரை நொடியில் காலாளின் வாயில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, "போகட்டும்" என்கிறார். அவர் வாயில் 'போகட்டும்' என்ற சொல்லை வேறெந்தச் சந்தர்ப்பத்திலும் நான் கேட்டதில்லை. ஆய்வில் நான் கண்டுபிடித்தது ஏதாவது உண்டென்றால் இதுதான். மற்றதெல்லாம் நோட்டை நிரப்பியது.

கணிப்புத் திறனைப் பற்றி 1946-இல் வெளியான நூலில் டச்சு உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் சொன்னது கவனிக்கத்தக்கது. பெரிய ஆட்டக்காரர்கள் சின்ன ஆட்டக்காரர்களைவிட ரொம்ப தூரம் முன்னால் கணக்குப் போடுவதில்லை. சரியான நகர்த்தல் எதுவோ அதன் பக்கமே அவர்கள் கண் முதலில் போகிறது. 1973-இல் ஆய்வாளர்கள் சேஸும் சைமனும் இன்னொன்று காட்டினார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால் வல்லவர்கள் பெரும்பாலும் அப்படியே அடுக்கிக் காட்டுவார்கள். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டால் அவர்களும் நம்மைப் போலத்தான் திணறுவார்கள். அதாவது அவர்கள் நினைவில் இருப்பது காய்கள் அல்ல, வடிவங்கள். சித்தப்பாவின் நினைவிலும் வடிவம் இருக்கிறது, ஒன்றே ஒன்று. எந்தப் பலகையைக் காட்டினாலும் அவர் கண் நேராக எஃப் 7-க்குத்தான் போகும். அங்கே ராஜா இல்லாவிட்டாலும் போகும்.

பலங்கள் என்று பார்த்தால் முதலிடம் கடிகாரத்துக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரு நாட்டுக் கொடியோடு ஒருவர் வந்தார். ஒன்பதாவது நகர்த்தலில் சித்தப்பாவின் ராணி போயிற்று. சற்று நேரத்தில் ஒரு யானையும். நான் நோட்டில் 'தோல்வி' என்று எழுதிவிட்டேன். சித்தப்பா ரிசைன் பொத்தானை அழுத்துவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். மிச்சமிருந்த குதிரையை வைத்துக்கொண்டு செக் கொடுக்க ஆரம்பித்தார். அர்த்தமில்லாத செக். ராஜா ஒரு கட்டம் நகர்ந்தால் போதும். ஆனால் நகர வேண்டுமே! செக் வந்தால் முன்கூட்டியே போட்டு வைத்த பிரீமூவ் செல்லாமல் போகும். ஆள் திடுக்கிட்டு, பார்த்து, விரலை வைக்க வேண்டும். ஒவ்வொரு செக்குக்கும் பெருக்காரருக்கு ஒரு நொடி போயிற்று. கட்டை விரல் திரையில் தட்டும் சத்தம், மூச்சு விடும் சத்தம், அடுக்களையில் மிக்சி. எதிர்த்தரப்பில் ஏழு நொடி, நாலு, இரண்டு. ராணியும் இரண்டு யானைகளும் கையில் இருக்க, பெரு நாடு நேரம் தீர்ந்து வீழ்ந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு, "பொசிஷனெல்லாம் நல்லாத்தான் வச்சிருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

இதைச் சிலர் சதுரங்கமே அல்ல என்பார்கள். அவர்களுக்கு என் பதில்: 1988-இல் கனடாவின் செயின்ட் ஜானில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியை வென்றது ஐம்பத்தொரு வயது மிகயில் தால். ஆராய்ந்து பார்த்தால் தப்பு என்று தெரியும் பலிகளைக் கொடுத்து, தப்பைக் கண்டுபிடிக்க எதிராளிக்கு நேரம் தராமல் வென்ற ஆள் என்று பேர் வாங்கியவர். சித்தப்பாவும் அதே பள்ளிதான். தப்பு மட்டும் கொஞ்சம் பெரியது.

குறைகளில் தலையாயது, ஜெயிக்கும்போது பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவது. எதிராளியிடம் வெறும் ராஜா, இவரிடம் ராணி, பத்து நொடி இருக்கிறது. அவசர அவசரமாக ராணியை நகர்த்தி ராஜாவை மூலையில் முடக்கிவிடுவார். செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா. "அவனால நகர முடியலைன்னா நான்தானே ஜெயிச்சேன்?" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் வழக்காடுவார். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, எதிராளியை இப்படி முடக்கியவனே தோற்றான் என்று விதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே பிறக்காதது சித்தப்பாவின் நல்வினை என்று எடுத்துச் சொன்னேன். அன்று எனக்குக் காபி வரவில்லை.

அடுத்தது ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோவின் கணக்கை 1970-இல் உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி 200 புள்ளி அதிகம் உள்ளவர், நான்கு ஆட்டத்தில் மூன்று புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். இணையத் தளங்கள் அதன் வழிவந்த கணக்குகளைத்தான் வைத்திருக்கின்றன. சித்தப்பாவின் லட்சியம் 1200. 1194 வரை போயிருக்கிறார். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும் என்ற நிலையில் கை நடுங்கித் தோற்பார். தோற்றதை மீட்க இன்னொன்று. அதை மீட்க மற்றொன்று. இரவு பதினொன்றரைக்கு 1117-இல் போனை வைத்துவிட்டு சோபாவின் கைப்பிடியை ஓங்கி ஒரு குத்து. இதில் அவரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. 2025 ஜூனில் நார்வேயில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேஜையைக் குத்தியதை உலகமே பார்த்தது, சோபாவாவது பஞ்சு. பெரிய தப்பு செய்த நாட்களில் சித்தப்பா ஆறுதல் தேடுவதும் பெரிய இடத்தில்தான்: "உலக சாம்பியன் போட்டியில, கடைசி ஆட்டத்துல, டிங் லிரனே யானையைத் தப்பா வச்சான்டா." 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், ஐம்பத்தைந்தாவது நகர்த்தல். உண்மைதான். ஐம்பத்தைந்துக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் சொல்லவில்லை. காபி விஷயம் நினைவிருந்தது.

முன்னேற்றத்துக்கு நான் வைத்த யோசனைகள் பலிக்கவில்லை. தினம் பத்துப் புதிர் போடச் சொன்னேன். கடிகாரம் ஓடாத இடத்தில் தனக்குத் தூக்கம் வருகிறது என்றார். தோற்ற ஆட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு முறை பார்த்தார். சிவப்பில் இரண்டு கேள்விக்குறி வரிசையாக வந்ததைக் கண்டு, "ஆடிட்டுக்கு முப்பத்து நாலு வருஷம் பதில் சொன்னேன், இனிமே முடியாது" என்று மூடிவிட்டார். மதிப்பீட்டாளர் என்ற முறையில் சித்தியிடம் கருத்துக் கேட்டேன். மூன்றும் மூன்றும் ஆறு, ஓர் ஆட்டம் ஆறு நிமிடத்துக்கு மேல் போக வழியே இல்லை என்பதை நான் விளக்க, சித்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப 'இந்த ஒரு ஆட்டம்தான்'னு சொல்லி ஒரு மணி நேரமாகுதே, அதுக்கு என்ன பேரு?" என்றார். ஆய்வுலகில் இதற்கு இன்னும் பேர் வைக்கப்படவில்லை.

எஞ்சியது களத்தில் இறங்கிப் பார்ப்பது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு, எதிரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. ஆகவே சென்ற சனிக்கிழமை காலை மாடி அறையில் இருந்தபடி ஒரு புதுப்பெயரில் கணக்குத் தொடங்கி, சித்தப்பாவுக்குச் சவால் அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார். ராணி இரண்டாவது நகர்த்தலில் வந்தது. நூறு ஆட்டம் பார்த்தவனுக்கு இது தெரியாதா? ராணியைப் பிடித்தேன். பிறகு ஒரு யானை. கடைசியில் என்னிடம் ராணியும் யானையும், அவரிடம் ஒரே ஒரு காலாள். முடித்துவிடலாம். ஆனால் அவசரப்பட்டால் ஸ்டேல்மேட் ஆகுமே என்று அவருடைய குறையை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக எண்ணினேன். எண்ணியதை மறுபடி எண்ணினேன். கீழே ஹாலில் கட்டை விரல் தட்டும் சத்தம் கேட்பது போலிருந்தது. அவரிடம் ஒற்றைக் காலாள் இருந்தால் போதும், நேரம் தீர்ந்தவன் தோற்றான்.

சிறிது நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போலக் கீழே இறங்கினேன். சித்தப்பா காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"காலையில ஒருத்தன் மாட்டினான்டா. ராணி இருக்கு, யானை இருக்கு, மேட் போடத் தெரியல. பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி யோசிச்சிக்கிட்டே இருந்தான், டைம் போயிடுச்சு." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "சின்னப் பையனா இருப்பான், பாவம். நீதான் என்னமோ எழுதறியே, அவனைப் பத்தி எழுது. திருத்திக்க வேண்டியது நிறைய இருக்கு."

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.