பணம் யார் கையில்?

2018 ஜனவரியில் கிரிப்டோ சந்தையில் லாபம் வெளிப்படையாகவே தெரிந்தது. அமெரிக்காவில் விற்ற அதே பிட்காயின் தென் கொரியாவில் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் விலைக்குப் போன நாட்கள் உண்டு. அந்தக் கூடுதல் விலையை ‘கிம்ச்சி பிரீமியம்’ என்போம். காயினை அங்கே அனுப்புவது எளிது. விற்று வந்த வோனை டாலராக மாற்றி வெளியே எடுக்கத்தான் அந்நாட்டின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு விடாது. அந்த இடைவெளி மூடாமல் கிடந்ததே அதனால்தான். புள்ளியியல் படித்துவிட்டு கிரிப்டோ வர்த்தகத்துக்கு வந்த எனக்கு, ஒரு விலைக்குள் சட்டமும் வங்கியும் இவ்வளவு இருக்கும் என்பது புதிது.

இன்று அப்படி எதுவும் காத்திருப்பதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்கா பிட்காயின் ஸ்பாட் ஈடிஎஃப்களை அனுமதித்த பிறகு பெரிய நிதி நிறுவனங்களின் பணமும் வந்துவிட்டது. பிட்காயினை வாங்கி வைத்துக்கொண்டு, அதே அளவுக்கு பெர்பெச்சுவலில் (காலாவதி இல்லாத ஃப்யூச்சர்ஸில்) ஷார்ட் போய், விலை ஏறும் என்று பந்தயம் கட்டியவர்களிடமிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஃபண்டிங் கட்டணத்தை வாங்குவது ஒரு காலத்தில் சிலருக்கே தெரிந்த வேலை. இப்போது எல்லோரும் செய்கிறார்கள், வருமானமும் மெலிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. சந்தை முதிர்ந்தால் அப்படித்தான் ஆகும்.

என் வேலையை உண்மையில் மாற்றியது 2022 நவம்பர். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது, விலை ஏறினாலும் இறங்கினாலும் நஷ்டம் வராதபடி கணக்குப் போட்டிருந்தவர்களின் பணமும் உள்ளே மாட்டியது. அவர்களின் கணக்கில் பிழையே இல்லை. பணத்தை வைத்திருந்த இடம்தான் விழுந்தது. நடுவில் நம்ப வேண்டிய ஆள் யாரும் இல்லாமல் பணம் கைமாற வேண்டும் என்றுதான் பிட்காயினை உருவாக்கிய சதோஷி நாகமோட்டோ 2008-ல் எழுதினார். அந்தப் பணத்தை வாங்கி விற்கும் நாங்களோ நடுவில் நிற்பவரை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் தினமும் முதலில் கணக்கிடுகிறோம்: எந்த எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு வரை வைப்பது, எதைத் தனிக் காப்பாளரிடம் விடுவது, எப்போது திருப்பி எடுப்பது. விலையைக் கணிக்கும் மாடலைவிட இந்தப் பட்டியலுக்கே நான் அதிகம் உழைக்கிறேன். அதுதான் சரி என்றும் நினைக்கிறேன்.

வேலை கேட்டு வரும் பிள்ளைகள் பழைய விலைகளில் தங்கள் உத்தியைச் சோதித்த அழகான பேக்டெஸ்ட் கொண்டுவருகிறார்கள். பலருடைய நிரல் என்னுடையதைவிடச் சுத்தம். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த பிறகு நான் கேட்பது: “மார்ஜின் பணம் யார் பெயரில் இருக்கு தம்பி? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எடுக்க முடியுமா?”