இடங்காட்டிக்கு இடம் காட்டுதல்: சில தடைவிடைகள்

கையடக்க ஜி.பி.எஸ். கருவி என்பது யாது? இருக்கும் இடம் அறியாத மனிதனுக்கு அவன் இருக்கும் இடத்தை அறிவிப்பது என்பர் விற்பனையாளர். அது பொருந்தாது. பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாக இயக்கிப் பார்த்தவர் அனைவரும் அறிந்தபடி, இருக்கும் இடம் தெரியாமல் விழிப்பது கருவிதான். கார்மின் நிறுவனம் 2000 இல் வெளியிட்ட மஞ்சள் நிற ஈட்ரெக்ஸையே சான்றாகக் கொள்ளலாம். சிறிது நேரம் வானைத் துழாவியும் ஒன்றும் அகப்படாவிட்டால், கட்டடத்துக்குள் இருக்கிறீர்களா என்று அது தன் உரிமையாளரையே கேட்கும். வழி கேட்டு வந்தவரிடமே வழி கேட்கும் இந்த அரிய பண்பு தனித்த ஆராய்ச்சிக்கு உரியது.

எனவே இக்கட்டுரையின் துணிபு இது: கருவி மனிதனுக்கு இடம் காட்டுமுன், மனிதன் கருவிக்குச் செய்ய வேண்டிய உபசாரங்கள் சில உள. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது இடத்தைச் சொல்லும். ஆனால் வேறு யாருடைய இடத்தையோ சொல்லும்.

முதல் உபசாரம் வானத்தைக் காட்டுவது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில் பேசுகின்றன. எந்தக் கோள் எங்கே இருக்கும் என்னும் பஞ்சாங்கத்தை அந்த வேகத்தில் முழுக்கக் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். புதுக் கருவியோடு மொட்டை மாடியில் நிற்பவர் பொறுமை இழந்து, அணைத்து, மறுபடி இயக்கினால் பாராயணம் தடைப்படும். குறைந்தது நான்கு கோள்கள் தெரிய வேண்டும். இடத்துக்கு மூன்று போதாதா என்பாரும் உளர். போதும், கருவிக்குள் அணுக் கடிகாரம் இருந்தால். இருப்பதோ மலிவான கடிகாரம். அதன் பிழையைக் கணக்கிட்டுக் கழிக்கவே நான்காவது கோள் என்க.

கைப்பேசி நொடியில் கண்டுபிடிக்கிறதே என்பது அடுத்த தடை. கைப்பேசி தொலைபேசிக் கோபுரத்தின் சிபாரிசுக் கடிதத்தோடு வானத்தை அணுகுகிறது. கோபுரம் இல்லாத காட்டுக்குள் போனால் அதுவும் இதே வரிசையில் நின்றாக வேண்டும்.

இனி, நிற்பவருக்குத் திசை கிடையாது. உள்ளே திசைகாட்டி வைக்கப்படாத எளிய கருவிகள், இரண்டு இடங்களை ஒப்பிட்டே போகும் திசையைக் கணிக்கின்றன. நின்றுவிட்டால் அம்பு தன் விருப்பம்போல் சுழலும். அதைத் தொடர்ந்து தாமும் சுழல்வோரைத் திறந்த மைதானங்களில் காணலாம். பத்தடி நடந்தால் தீரும் குறை இது. ஆயினும் நடக்கத் திசை தெரிய வேண்டும், திசை தெரிய நடக்க வேண்டும் என்ற சிக்கலைத் தருக்க நூலார் கையில் விட்டுவிடுவது நலம்.

ஆய்வின் செழிப்பான பகுதி, எண்களை எழுதும் முறை. ஒரே இடத்தைத் தசமப் பாகையாகவும், பாகையும் தசம நிமிடமுமாகவும், பாகை நிமிடம் விநாடியாகவும் எழுதலாம். கைப்பேசி முதல் முறையைப் பின்பற்றும். கையடக்கக் கருவிகள் பலவும் தொழிற்சாலையிலிருந்து இரண்டாம் முறையோடு வரும். அது கடலோடிகளின் வழக்கு. 1974 இல் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லை வகுத்தபோதும் புள்ளிகளைப் பாகையும் தசம நிமிடமுமாகவே எழுதிக் கையொப்பமிட்டன. இப்போது சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கைப்பேசி தருவது 13.0827 வடக்கு, 80.2757 கிழக்கு. புள்ளியைக் கண்டதும் அதற்கு வலப்புறம் நிமிடம் என்று முடிவுகட்டி, 13 பாகை 08.27 நிமிடம், 80 பாகை 27.57 நிமிடம் என்று ஒருவர் பதிந்தால், சென்ட்ரல் 6 கிலோமீட்டர் வடக்கேயும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிழக்கேயும் நகர்ந்து வங்காள விரிகுடாவில் இறங்கிவிடும். கருவி சிறிதும் தயங்காது. அங்கே போக எவ்வளவு தூரம், எந்தத் திசை, எத்தனை மணிக்குச் சேரலாம் என்பது வரை சொல்லும். தண்டவாளம் நனையுமே என்ற கவலை அதற்கு இல்லை.

இதைவிட நுட்பமானது தளமானம். பூமி சரியான உருண்டை அன்று; எந்தப் பூமியை மனத்தில் வைத்து அளக்கிறோம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். ஏற்ற பூமியின் பெயர் டபிள்யூ.ஜி.எஸ். 84. லண்டன் கிரீனிச் வானாய்வகத்தில் தரையில் பதித்த உலோகக் கோட்டில், பக்கத்துக்கு ஒரு காலாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளில் சிலர் ஆசையோடு கருவியைப் பார்ப்பார்கள். சுழியம் வராது. சுழியம் வேண்டுவோர் பூங்காவுக்குள் 102 மீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். பழைய வானியலார் பாதரசத் தட்டத்தை வைத்துச் செங்குத்தைக் கண்டனர். அவ்விடத்து ஈர்ப்புவிசையோ அந்தச் செங்குத்தை இம்மியளவு சாய்த்திருந்தது. அத்தனை அளவீட்டாளர்களின் கண்ணும் நேரே இருந்தது, உலகம்தான் சற்று ஒருக்களித்திருந்தது என்று கொள்க.

நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. 1802 இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியின் வழிவந்தவை இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள். அவற்றின் பூமி, லாம்டனுக்குப் பின் அப்பணியை நடத்திய எவரெஸ்ட் 1830 இல் கணித்த பூமி. அந்தத் தாளிலிருந்து எண்ணை எடுத்து, தளமானத்தை மாற்றாமல் கருவிக்கு ஊட்டினால், தேடும் கிணறு அடுத்தவர் தோட்டத்தில் போய் நிற்கும். 2005 ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூ.ஜி.எஸ். 84 க்கு மாற்றச் சொன்னது. பரணில் இருக்கும் தாள்களுக்கு அச்செய்தி எட்டியிராது.

உயரம் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும்: நம்பற்க. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. கணக்கில் வரையப்பட்ட வழவழப்பான பூமியைவிட அங்கே கடல்மட்டம் 106 மீட்டர் தாழ்வு. அதன் விளிம்பில் கிடக்கும் மெரினாவிலும் தாழ்வு 80 மீட்டருக்கு மேல். கருவிக்குள் திருத்த அட்டவணை இருப்பதால் சுண்டல் விற்பவர் மூழ்காமல் இருக்கிறார்.

சார்பியலும் இதில் கலந்திருக்கிறது என்று அஞ்சுவோர் அஞ்ச வேண்டா. கோள்களின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துவதற்கான திருத்தத்தைப் பொறியாளர்கள் அனுப்பும்போதே செய்துவிட்டார்கள். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டும் வேலை மட்டுமே உரிமையாளருடையது. மறக்கப்படுவதும் அதுவே.

எல்லாம் அமைந்தபின் வருவது பெயரிடல். பழைய ஈட்ரெக்ஸ் ஓர் இடத்துக்கு ஆறு எழுத்துக்கு மேல் பெயர் தராது. பெயர் இடச் சோம்பினால் 001, 002 என்று தானே வைத்துக்கொள்ளும். சோம்பாதவர் இல்லாத காரணத்தால், எது டீக்கடை, எது வண்டி நிறுத்திய இடம் என்று தெரியாத எண்கள் வரிசையாக நிற்கும். இத்துறையில் கடலோர மீனவர்களே முன்மாதிரி. மீன் கூடும் பாறையின் எண்ணைப் பிறர் அறியாமல் காப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் பெயர் தெளிவின்றி இருப்பது சோம்பலால் அன்று.

இடத்தை மறைக்காமல் ஊருக்கெல்லாம் சொன்னவரும் உண்டு. அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த, 100 மீட்டர் வரை தடுமாறவைத்த பிழையை 2000 மே 2 அன்று, இந்திய நேரப்படி காலை ஒன்பதரை மணிவாக்கில் நிறுத்தியது. அதுவரை கருவியைத் திட்டியவர்களுக்குச் சாக்கு பறிபோயிற்று. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியைப் புதைத்து, எண்களை அறிவித்துவிட்டார். வாளிக்குள் இருந்தவற்றுள் ஒன்று பீன்ஸ் டப்பா. உலகம் முழுவதும் பரவிய புதையல் வேட்டைக்கு அதுவே தோற்றுவாய்.

எஞ்சியது காலம். ஜி.பி.எஸ். 1980 ஜனவரி 6 இலிருந்து வாரங்களை எண்ணுகிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 1,024 வாரத்தில் நிரம்பி, மீண்டும் சுழியத்துக்கு வரும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை வந்தது. 2019 ஏப்ரல் 6 இரவு மறுமுறை வந்தபோது, பழைய கருவிகள் சில இடத்தைச் சரியாகவும் தேதியை 1999 ஆகவும் காட்டத் தொடங்கின. அடுத்த முறை 2038 நவம்பர் 20. அதற்குள் உடன் வந்த கையேட்டை உரிமையாளர்களில் யாரேனும் முழுதாகப் படித்து முடித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க இவ்வாய்வில் சான்று கிட்டவில்லை.