ஐந்நூறு நாடும் ஒரு முட்டைக்கோசும்

2020 மார்ச்சில் மலேசியாவின் அன்றைய சுகாதார அமைச்சர் அட்ஹாம் பாபா தொலைக்காட்சியில் தோன்றி, 500 நாடுகளோடு காணொளியில் பேசியதாகச் சொன்னார். ஐ.நா.வில் இருப்பதே 193. நாடே சிரித்தது. கேமரன் மலையின் தானா ராத்தாவில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கில் மிஞ்சிய 307 நாட்டில் ஒன்றாவது எங்கள் முட்டைக்கோசை எடுத்துக்கொள்ளாதா என்ற நப்பாசைதான் வந்தது.

கோவிட் பரவலைத் தடுக்க மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. சந்தை சுருங்கியது, சாப்பாட்டுக் கடைகள் வெறிச்சோடின, லோரி கிடைப்பது குதிரைக் கொம்பானது. கேமரன் மலை விவசாயிகள் அறுத்த காயை டன் டன்னாகக் கொட்டினார்கள். கோஸ் அழுகிப் பார்த்திருக்கிறீர்களா? மேல் இலை மஞ்சளாகும். பிறகு கொழகொழத்து ஒவ்வொரு மடிப்பாக உள்ளே இறங்கும். மலைக்குளிரிலும் அந்த நாற்றம் அடங்காது.

அதே வாரம், மலேசியாவிலிருந்து சரக்கு தடையின்றி வரும் என்று நம் பிரதமர் உறுதி கூறியதாகச் சிங்கப்பூர்ப் பிரதமர் தம் மக்களைத் தேற்றினார். நல்லது. தாப்பா மலைப்பாதையில் இறங்க வேண்டிய லோரிக்கு அப்படி யார் உறுதி சொன்னார்கள்?

ஏப்ரல் 14-இல் ஆசியான் தலைவர்கள் திரையில் கூடினார்கள். ஜூனில், பொருளாதார ஒத்துழைப்பையும் விநியோகச் சங்கிலி இணைப்பையும் வலுப்படுத்தும் ஹனோய் செயல்திட்டம் பிறந்தது. முழுப் பெயரையும் படித்து முடிப்பதற்குள் கீரை வாடிவிடும்.

சங்கிலி, சங்கிலி என்கிறார்களே, அதன் கண்ணிகள் யார்? ஒரு காலத்தில் கங்காணி கூட்டிவந்த நம் தாத்தா பாட்டிகள். இன்று வங்காளதேசத்தார், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பதும் காய் அறுப்பதும் மூட்டை தூக்குவதும் அவர்கள்தான். அந்த ஆண்டு மே 1, தொழிலாளர் தினத்தன்று, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை புகுந்து, ஆவணமில்லை என்று நூற்றுக்கணக்கான வெளிநாட்டவரை அள்ளியது. காய்க்குக் கிடைக்காத லோரி ஆளை ஏற்றக் கிடைத்தது! ஜூனில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் வரவையும் ஆண்டு முடியும்வரை நிறுத்தினார்கள். அறிவித்த அன்றைய மனிதவள அமைச்சர் நம் தமிழர், சரவணன். கொழுந்து அமைச்சரவை முடிவுக்குக் காத்திருக்காது; முற்றிப்போகும்.

நவம்பர் 15-இல் 15 நாடுகள் கூடி ஆர்செப் எனும் வட்டார வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகின் மிகப் பெரிய வணிக ஒப்பந்தமாம்.

சங்கிலியின் கண்ணிகளுக்கு? அந்த ஆண்டு அரசு வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் மாதம் 1,200 வெள்ளி. கேமரன் மலை மாவட்ட மன்றப் பகுதி. இங்கே அப்போது 1,100.