நமக்குள்ள என்ன சார் மாஸ்க்கு!

கொரோனா காலத்தில் மாஸ்க்கே போடாமல் திரிந்தவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2020 செப்டம்பரில் தமிழக அரசு பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய், இடைவெளி விடாவிட்டால் 500 ரூபாய் என்று அபராதம் வைத்தது. அகப்பட்டால் அழுதுவிட்டு, "இந்த ரசீது இன்னிக்குப் பூரா செல்லும்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். எழுதத் தகுந்த ஆசாமி மாஸ்க் போட்டிருந்தவர். அது இல்லாமல் வாசற்படி தாண்டாதவர். எங்கே போட்டிருந்தார் என்பதில்தான் இருக்கிறது சங்கதி. தாடையில்.

தாடைதான் அதற்கு நிரந்தர விலாசம். டீக்கடையில் ஒரு காதில் தொங்கும். வண்டி ஓட்டும்போது முழங்கைக்கு இறங்கும். மதியத் தூக்கத்தில் கண்ணை மூடும். ஸ்கூட்டர் கண்ணாடியில் காயும். தெருமுனையில் காக்கிச்சட்டை தெரிந்தால் மட்டும் மூக்குவரை ஏறும். ஜீப் திரும்பியதும் ஒரு விரலால் சுண்டிவிட, பழகிய இடத்துக்குத் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை வைத்து, கொரோனாவை நம்பாதவர் என்று இவரைச் சொன்னால் அது வீண்பழி. இவரைப் போல நம்பியவர் தெருவிலேயே கிடையாது. எல்லோரையும் தட்டோசை எழுப்பச் சொன்ன 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் ஏறி எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அவர் போட்ட போட்டில், எதிர்வீட்டு நாய் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவினார். கபசுரக் குடிநீரை வீட்டில் ஒரு வேளை, கட்சிக்காரர்கள் தெருமுனையில் ஊற்றியபோது இன்னொரு வேளை குடித்தார். போன் செய்தால் முதலில் ஓர் இருமல் கேட்குமே, அந்த விழிப்புணர்வு அறிவிப்பை முழுசாகக் கேட்ட ஒரே தமிழர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் தாடை? மூச்சு முட்டுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது, சித்திரை வெயிலில் உதட்டுக்கு மேல் வியர்வை தேங்குகிறது என்று ஊரார் ஆயிரம் சொன்னார்கள். எல்லாம் நியாயம்தான். மூன்றடுக்கு மாஸ்க்கைக் கண்டுபிடித்தவர் மே மாதத்தில் மயிலாப்பூர் காய்கறிக் கடையில் நின்று பார்த்தவராக இருக்க முடியாது. ஆனால் நம்மவர் விஷயத்தில் காரணம் வேறு. மரியாதை. தெரிந்த மனிதர் எதிரே வந்தால், தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வதுபோல மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் "வணக்கம் சார்" என்பார். "மூஞ்சிய மூடிக்கிட்டா பெரியவங்ககிட்ட பேசறது?" என்பது அவர் கட்சி. எதிராளி கூச்சப்பட்டுத் தன் மாஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தால், "நமக்குள்ள என்ன சார் மாஸ்க்கு, சும்மா இறக்குங்க" என்று உபசாரமும் செய்வார்.

ஆக, வாயை மூடிக்கொண்டிருக்கும்போது வாய் மாஸ்க்குக்குள் இருந்தாலும் இருக்கும். திறந்தால் கட்டாயம் வெளியே வந்துவிடும். தும்மல் வந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல மாஸ்க் பாழாகிவிடும் என்று அவசரமாக இறக்கி, ஊருக்குப் பொதுவாகத் தும்முவார்.

அவருடைய மருத்துவ ஞானம் மொத்தமும் ஒரே வரிதான்: கொரோனா வெளியாட்களிடம் இருப்பது. முதலில் சீனாவில் இருந்தது. பிறகு விமானத்தில் வந்தவர்களிடம் இருந்தது. அப்புறம் கோயம்பேட்டில் இருந்தது, அதற்கப்புறம் பின்தெருவில். தெரிந்தவர்களிடம் மட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இடைவெளியையும் இதே கணக்கில்தான் அளந்தார். முன்பின் தெரியாதவர் என்றால் ஆறடி, முகம் தெரிந்தவர் என்றால் மூன்றடி, பெயர் தெரிந்தால் தோளில் கை, சொந்த ஊர்க்காரர் என்றால் காதோடு ரகசியம். மே 5-ல் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு அனுப்பியபோது, "அங்கதான் இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்று சிரித்தார். மாஸ்க் தாடையில் இருந்ததால் சிரிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அதே கோயம்பேட்டுக் கத்திரிக்காயை முந்தின வாரம்வரை அண்ணாச்சி கடையில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கியவர்தான். அது கணக்கில் வராது. அண்ணாச்சி நம்மாளு.

அண்ணாச்சி கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்கு முன்னால் குறுக்கே ஒரு பெஞ்சு, அதில் கட்டிய நைலான் கயிறு. மேலிருந்து ஒரு கண்ணாடித்தாள் திரை தொங்கும்; பொட்டலம் நீட்ட அதில் சதுரமாக ஒரு ஓட்டை. சில்லறை வாங்க ஒரு பிளாஸ்டிக் தட்டு. வாசலில் வேப்பிலை மிதக்கும் மஞ்சள்தண்ணி வாளி. தரையில் கடைப் பையன் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள்.

அந்த வட்டங்களில் ஆட்கள் நின்றதைவிடச் செருப்புகள் நின்றதுதான் அதிகம். மதியம் ஒரு மணியோடு கடை மூட வேண்டும் என்றிருந்த நாட்களில், விடிவதற்குள் வரிசை போட்டுவிடுவார்கள். ஒரு வட்டத்தில் ஹவாய் செருப்பு, அடுத்ததில் ஒயர்கூடை, அதற்கடுத்ததில் அரைச் செங்கல். அவை அப்பழுக்கில்லாத சமூக இடைவெளியோடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, உடைமைக்காரர்கள் பக்கத்து வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசியபடி, இடைவெளி விடாததால் இத்தாலியில் என்ன ஆச்சு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சுக்குத் தலைமை நம்மவர்.

தன் முறை வரும்போது அவருக்குப் பின்னால் ஓர் இளைஞன். என்-95 மாஸ்க் முகத்தில் தடம் பதியும்படி இறுக்கியிருக்கிறான். நாலடி தள்ளித்தான் நிற்கிறான். தெரியாத முகம். நம்மவர் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு அதட்டுவார்: "தம்பி, எட்டி நில்லுப்பா. படிச்ச புள்ளதானே?" இப்படி நாட்டைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பி, பெஞ்சின் மேல் வயிற்றைச் சாய்த்து, கண்ணாடித்தாள் ஓட்டைக்குள் தலையை நுழைத்து, "அண்ணாச்சி, புது மிளகாவத்தல் வந்துச்சா?" என்பார். பொட்டலம் போகிற ஓட்டையில் தலை போகும் என்று அண்ணாச்சி எதிர்பார்த்திருக்கவில்லை.

"எட்டி நின்னு கேளுங்க சார், காது கேக்கத்தானே செய்யுது."

"நமக்குள்ள என்ன அண்ணாச்சி!"

பணம் எண்ணும் காட்சி தனி. 2019 ஜனவரி 1-லிருந்து தடை என்றாலும் கல்லாவுக்கடியில் ரகசியமாகக் குடியிருக்கும் கேரி பேக்கை அண்ணாச்சி எடுப்பார். அது ஒட்டிக்கொண்டு பிரியாது. கையெல்லாம் சானிட்டைசர். அண்ணாச்சி ஒரு கணம் யோசித்து, தன் மாஸ்க்கை இறக்கி, வாயால் ஊதிப் பிரிப்பார். நம்மவர் மாஸ்க்கை இறக்கி, கட்டைவிரலில் எச்சில் தொட்டு நோட்டை எண்ணுவார். இருவரும் மாஸ்க்கை ஏற்றிக்கொள்வார்கள். நோட்டின் மேல் அண்ணாச்சி சானிட்டைசர் தெளிப்பார். பின்னால் நிற்கும் இளைஞன் வரிசையை விட்டே போய்விட்டிருப்பான்.

ஏப்ரல் 25-ம் தேதியை அந்தக் கடை மறக்காது. மறுநாளிலிருந்து நாலு நாள் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று முந்தின நாள் சொல்லிவிட்டார்கள். கூட்டம் கூடக் கூடாதென்று போட்ட உத்தரவைக் கேட்டு ஊரே கூடிவிட்டது. சுண்ணாம்பு வட்டம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நம்மவர் ஐந்து கிலோ ரவை கேட்டார்.

"உப்புமா புடிக்காதுன்னு சொல்லுவீகளே சார்?"

"நாலு நாளாச்சே அண்ணாச்சி!"

பின்னாலிருந்து யாரோ தள்ளியதில் முன்னால் நின்றவர் முதுகில் போய் விழுந்தார். அவர் திரும்பி முறைத்தார். நம்மவரும் பதிலுக்கு முறைக்கத் தயாரானவர், "அட, நீங்களா!" என்று மாஸ்க்கை இறக்கினார். பழைய ஆபீஸ் நண்பர். முறைப்பு போய், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பென்ஷன் பேசினார்கள். தெரிந்தவர் ஆகிவிட்டாரே, இனி ஒட்டாது.

பெரிய சூப்பர் மார்க்கெட் வாசலில் இவருக்கு வேறொரு சிக்கல். 'முகக்கவசம் இன்றி அனுமதி இல்லை' என்று பலகை. கூட வந்த மச்சினனிடம் மாஸ்க் இல்லை. நம்மவர் முதலில் உள்ளே போய்ச் சாமான் வாங்கி வந்து, தாடையிலிருந்ததைக் கழற்றி, "இந்தாங்க மாப்ள, நீங்க போய்ட்டு வாங்க. லேசா மூக்குப்பொடி வாசனை இருக்கும்" என்று நீட்டினார். மச்சினன் வெளியாளா என்ன? வாசலில் காவலாளி நெற்றிக்கு நேரே காய்ச்சல் துப்பாக்கியைப் பிடிக்க, மச்சினன் மணிக்கட்டை நீட்டினான். 93 டிகிரி காட்டியது. 95-க்குக் கீழே போனால் மனிதனைக் கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்கிறது மருத்துவம். காவலாளி சலாம் வைத்து உள்ளே அனுப்பினார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் 93-தான்.

ஆறடி விட்டு நிற்க நம் ஜனங்களுக்குத் தெரியவே தெரியாதா என்றால், தெரியும். மே 7-ல் சென்னை நீங்கலாக டாஸ்மாக் திறந்தபோது, திருப்பூரில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்றார்கள். குடைக்குக் குடை இடிக்கக் கூடாதே, இடைவெளி தானாக வந்துவிட்டது. நம்மவர் அதை டிவியில் பார்த்து, "என்ன ஒழுக்கம்!" என்று உருகினார். சென்னையில் கடை திறக்க ஆகஸ்ட் 18 ஆயிற்று. அதுவரை ஒழுக்கத்தைக் காட்ட அவருக்கு வாய்ப்பே அமையவில்லை.

அதற்குள் ஜூலையில் அவருக்கே வந்துவிட்டது. பெரிதாகப் படுத்தவில்லை, இரண்டு நாள் காய்ச்சல், ரசத்தில் வாசனை தெரியவில்லை என்று வீட்டில் ஒரு சண்டை, அவ்வளவுதான். மாநகராட்சியிலிருந்து வந்து வாசலை மறித்துத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி கடைப் பையன் சாமான் பையைத் தகரத்துக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கத்துக்கே போய் நின்றான். தகரத்துக்கு மேலே நம்மவர் தலை தெரிந்தது. மாஸ்க் மூக்கில் இருந்தது. பையனைப் பார்த்ததும் இறக்கினார்.

"சார், ஏத்துங்க, ஏத்துங்க!"

"நீ நம்ம கடைப் பையன்தானேடா!"

"எங்க சார் புடிச்சிது?"

"அதாண்டா தெரியல. வெளியாள் மூச்சே எம்மேல பட்டதில்ல. மச்சினன் கல்யாணத்துக்குப் போனேன். அம்பது பேருதான் கூடலாம்னு உத்தரவு, அம்பதும் நம்ம ஜனம். கட்டிப்புடிச்சுக்கிட்டோம், ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம், ஒருத்தர் மூஞ்சில ஒரு துணி கிடையாது."

"அவுங்களுக்கெல்லாம் எப்படி இருக்கு?"

"பாதிப் பேருக்குக் காய்ச்சல்டா." குரலைத் தாழ்த்தித் தகரத்துக்கு மேல் எட்டிச் சாய்ந்தார். "எனக்கு அந்தச் சமையக்காரன் மேலதான் சந்தேகம். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு நிமிஷம்கூட மாஸ்க்கைக் கழட்டல, ராஸ்கல்!"